முட்செடிக்குச் சம்பந்தம் பேசிய பங்குனி

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், நான் பதிலை முடிப்பதற்குள் "பூக்கடையோ?" என்று அவர்களே முடித்துவிடுவார்கள். முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது "ஓம், அது மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொள்கிறேன். பூ விற்காத பூக்கடை என்று வைத்துக்கொண்டால் அது முழுப் பொய்யும் அல்ல.

நான் வேலை செய்வது மொன்றியலின் கிழக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுத் தோட்டத்தில், கண்ணாடி வீடு ஒன்றில். வெளியே பனி இடுப்பளவு கிடக்கும். உள்ளே கோட்டைக் கழற்றி மாட்டினால் மத்தியதரைக் கடலோரம். அந்தக் கடலைச் சுற்றியிருக்கும் மலைச்சரிவுகளில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடை முழுவதும் காய்ந்துகிடக்கும். அந்த ஒழுங்குக்குப் பழகிய செடிகளில் பல இன்றைக்கு ஒரே ஒரு தீவில், சில வேளை ஒரே ஒரு பாறையில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. விடுமுறை வீடு கட்டுகிறவர்களும் ஆடுகளும் காட்டுத்தீயும் அவற்றையும் விடுவதாக இல்லை. அதனால் அங்குள்ளவர்கள் அவற்றின் விதைகளையும் கன்றுகளையும் பல நாட்டுத் தோட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று ஒருவரை லண்டனுக்கும் ஒருவரைக் கனடாவுக்கும் அனுப்பிய தாய்மாரை எனக்குத் தெரியும். இது அதே யோசனைதான்.

எங்களிடம் வந்து சேர்ந்தவற்றில் ஒன்று மயோர்க்கா தீவின் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் ஒரு முட்செடி. இடுப்பளவு உயரம். இலை சின்னது, தடித்தது, ஓரமெல்லாம் முள். பூ என்று நாங்கள் சொன்னால்தான் பூ: கடுகளவு, மஞ்சளா பச்சையா என்று தீர்மானிக்க முடியாத நிறம். பார்வையாளர்கள் அதைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் இருக்கும் லவண்டரைப் படம் பிடிப்பார்கள். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. பனையைப் போல அதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் பூத்து, மகரந்தம் இங்கிருந்து அங்கே போனால்தான் காய்.

எங்களிடம் மூன்று பெண்களும் ஓர் ஆணும் இருந்தன. ஒரு குளிர்காலத்து வார இறுதியில் வெப்பக் குழாய் அடைத்துக்கொண்டது. கதவோரம் நின்ற ஆண் செடி திங்கட்கிழமை காலையில் கறுத்துப்போயிருந்தது. ஐரோப்பாவிலிருந்து இன்னோர் ஆண் கன்றை வரவழைக்கலாம். ஆனால் அனுமதிகள் எல்லாம் கிடைத்து அது வந்து வளர்ந்து பூக்க வருடங்கள் போகும். இதற்கிடையில் பெண்களில் மூத்ததற்கு அடித்தண்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அது போவதற்கு முன் அதிலிருந்து விதை எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் பொறுப்பாளர் துடித்தார்.

பொறுப்பாளர் வடக்கே ஓர் ஏரிக்கரை ஊரில் பிறந்த கியூபெக் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். செடிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. மனிதர்களிடம் பொறுமை அதைவிடக் குறைவு. அந்த மூன்று செடிகளுக்கும் 'மணப்பெண்கள்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஆண் செத்த பிறகு அந்தப் பகிடி எங்களிடையே இன்னும் முற்றிவிட்டது. காலையில் நான் உள்ளே வந்ததும், மாப்பிள்ளை ஏதும் அகப்பட்டதா என்று கேட்பார். இந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்தது. சாப்பிடும்போது என் கணவர், "இண்டைக்குப் பொம்பிளையள் என்ன மாதிரி?" என்று கேட்பார். அவர் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். அவருடைய நாள் முழுவதும் இரும்புப் பெட்டிகளோடு போவதால் என் செடிக் கதைகள் அவருக்கு ஒரு நாடகம் மாதிரி.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை தானாகவே வந்தார்.

மாதத்தில் ஒரு நாள் பொதுமக்கள் தங்கள் வீட்டுச் செடிகளின் நோய் நொடிகளோடு எங்களிடம் வரலாம். அன்று வரிசையில் தொப்பி வைத்த ஒரு முதியவர் நின்றார். தன் முறை வந்ததும் கைலேஞ்சியைப் பிரித்து ஒரு சிறு கொப்பை மேசையில் வைத்தார். இலைகள் மஞ்சளாகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டார். பொறுப்பாளர் கொப்பைக் கையில் எடுத்தார். உருப்பெருக்கியை வைத்தார். காதுகள் சிவந்தன. எங்கள் முட்செடியேதான்; அந்த நுனியில் அப்போதுதான் திரளத் தொடங்கிய மொட்டுகள் ஆண் மொட்டுகள்.

முதியவர் ஆறுதலாகக் கதை சொன்னார். அவர் மயோர்க்காவில் பிறந்து, கப்பலில் சமையல்காரராக வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். இந்தச் செடி அவருடைய மாமனாரின் காணியில் நின்றதன் கொப்பு. மனைவி ஊருக்குப் போனபோது கொண்டுவந்தது. மனைவி இப்போது இல்லை. நகரின் மேற்கே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், கோபுரம் நிறையப் பொம்மைகள் இருக்கிற ஒரு கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. தேர் இழுக்கும் நாளில் அவரால் காரை வெளியே எடுக்க முடிவதில்லை.

இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் பொறுப்பாளர் தொடங்கிவிட்டார். இது பாதுகாக்கப்பட்ட இனம், இப்படி வீட்டில் வைத்திருக்கக் கூடாது, தோட்டத்திடம் ஒப்படைப்பதுதான் முறை என்று குரல் ஏறிக்கொண்டே போனது. மனைவி அதைக் கொண்டுவந்த காலத்தில் அந்தச் சட்டமே இல்லை என்பதைப் பிறகு தேடிப் பார்த்து வெட்கப்பட்டார், அது பிறகு. அந்த நேரத்தில் முதியவர் கொப்பைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பெயரும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. பொறுப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார்.

எனக்கு மட்டும் கவலை வரவில்லை. மொன்றியலில் பொம்மைக் கோபுரமும் தேரும் உள்ள கோயிலுக்குப் பின்தெரு எங்கே என்று எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார்கள். செந்-ரெஜி வீதி முருகன் கோயில். நாங்கள் வேதக்காரர்தான், ஆனாலும் அயலட்டையின் திருவிழாவுக்கு வருடா வருடம் போய் அன்னதானத்தில் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்.

அடுத்த கிழமை கணவர் என்னை அங்கே இறக்கிவிட்டார். பின்தெருவில் நடந்துபோய், வெயிலறை வைத்துக் கட்டிய வீடுகளின் கண்ணாடிகளைக் கூச்சமில்லாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டில் பாதிப் பீப்பாய்க்குள் ஒரு பச்சைப் புதர் நின்றது. எங்களுடையதைவிட இருமடங்கு. மணியை அடித்தேன்.

முதியவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "அந்தச் சத்தம் போடுகிற பெண்ணோடு வேலை செய்கிறவர் நீங்கள்" என்றார். ஆம் என்றேன். செடியைக் கொண்டுபோக வந்தீர்களா என்றார். இல்லை, மகரந்தம் கொஞ்சம் மட்டும் என்றேன். இந்தச் செடியின் ஒரு தூளும் வீட்டை விட்டு வெளியே போகாது என்றார். மனைவி போனபின் இந்த வீட்டுக்கு வருகிற ஆட்கள் எல்லாம் எதையாவது கேட்டுத்தான் வருகிறார்கள், ஒரு கோப்பி குடிக்க என்று எவரும் வருவதில்லை என்று சொல்லி, மரியாதையாகக் கதவைச் சாத்தினார். குளிரில் நின்று யோசித்தபோது அவர் சொன்னதில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, மண்டபத்து மூலையில் நின்று கணவரோடு தொலைபேசியில் இதைப் பற்றிக் கதைத்தேன். அவர் அன்று வேலையில் நின்றார். நான் சொன்னது இவ்வளவுதான்:

"டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலை போய்க் கதவைத் தட்டியும் மாப்பிள்ளை பக்கத்து ஆள் பிடிகுடுக்கிறார் இல்லையப்பா. வீட்டை விட்டு வெளியிலை விடமாட்டாராம். இந்தப் பங்குனிக்குள்ள முடிக்காட்டி எங்கட பக்கம் காலம் கடந்து போயிடும்."

எனக்குப் பின்னால் மச்சாள் தேத்தண்ணிக் கேத்தலோடு நின்றதை நான் காணவில்லை.

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. இந்த நகரத்தின் தையல் தொழிற்சாலைகளில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு என்னைவிட நன்றாகப் பேசுவார். பங்கில் மாதா சபைக்குத் தலைவி. சம்பந்தம் பேசுவது அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல, இரண்டாவது வேலை. அவர் பொருத்திவைத்த சோடிகளின் பிள்ளைகள் இப்போது அவரிடமே ஞானஉபதேசம் படிக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு என் மகள் ஒரு தீராத குறை. மகளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் வேலை. மாமி என்ற உரிமையில் மச்சாள் கொண்டுவந்த ஒவ்வொரு வரனையும் மிக இனிமையாக மறுத்துவிடுவாள்.

அடுத்த ஞாயிறு வந்தபோது செய்தி என்னைவிட முன்னதாக மண்டபத்துக்குள் போயிருந்தது. ஒரு பெண் என் கையைப் பிடித்து, "எல்லாம் நல்லபடி முடியும், நாங்கள் செபிக்கிறம்" என்றார். இன்னொருவர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ நல்ல இடம், ஆனால் மெட்ரோ இல்லை என்று கவலைப்பட்டார். வேறொருவர் குரலைத் தாழ்த்தி, பெடியன் வீட்டை விட்டே வெளியே வருவதில்லையாமே, கொம்பியூட்டர் வேலையோ என்று கேட்டார். எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் வடை புரைக்கேறியது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சோபாவில் விழுந்து சிரித்தாள். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, ப்ளீஸ், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. எனக்குப் பேசி முடிஞ்சுதெண்டு நினைச்சால் ஈஸ்டர் மட்டும் ஒருத்தரும் என்னைக் கேக்கமாட்டினம்" என்றாள். அவள் சிறு வயதிலிருந்து என்னிடம் கேட்டவை கொஞ்சம்தான். இதை எப்படி மறுப்பது?

ஆனால் மச்சாள் ஈஸ்டர் வரை காத்திருக்கிற ஆள் இல்லை. புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். தவக்காலத்தில் சம்பந்தம் பேசுவது ஒரு பிழை. பேசுவதை அவருக்கு மறைத்தது இரண்டாவது பிழை. தாய் தனியாகப் போய் மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டியது எந்தக் குடும்பத்திலும் நடக்காத பிழை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். என் கணவர் சாப்பாட்டுக் கோப்பைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மச்சாளின் முகத்தில் கோபத்துக்குக் கீழே உண்மையான மனவருத்தம் இருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கை மீறி உண்மையைச் சொன்னேன்.

"மச்சாள், மாப்பிள்ளை ஆளில்லை. அது ஒரு செடி."

மச்சாள் கதிரையைத் தம்பியின் பக்கம் திருப்பினார்.

"செடியாம்" என்றார் என் கணவரிடம். "உன்ர பெண்சாதி என்னைச் சின்னப்பிள்ளை எண்டு நினைச்சிருக்கிறா."

இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தேன். மனவருத்தம் போய்க் கோபம் மட்டும் மிஞ்சியது. அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? சனிக்கிழமை அந்த வீட்டுக்கு மறுபடி போவதென்றும், தானும் வருவதாகவும், கதைப்பது தான்தான் என்றும், நான் வாயே திறக்கக் கூடாது என்றும் மச்சாள் உத்தரவு போட்டார். நான் சரி என்றேன். உள்ளுக்குள் ஒரு குட்டிப் பிசாசு எழும்பி உட்கார்ந்ததை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் வேலைப் பைக்குள் ஒரு கண்ணாடித் தட்டையும் மெல்லிய தூரிகையையும் வைத்துக்கொள்ள மறக்கவில்லை.

சனிக்கிழமை பனி உருகி வீதியெல்லாம் கறுத்த சேறு. மச்சாள் மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலையும், அதற்குமேல் கணுக்கால் வரை கோட்டும், கீழே பனிச் சப்பாத்துமாக வந்தார். மடியில் துணி மூடிய தட்டு. பயத்தம் பணியாரம், முறுக்கு, பூ அச்சில் பொரித்த கொக்கிஸ், ஒரு சீப்பு வாழைப்பழம். தவக்காலத்துக்கு இனிப்பை விட்டிருந்ததால் செய்ததை அவர் உப்புப் பார்க்கக்கூட வாயில் வைக்கவில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கணவர் வாகனத்தை ஓட்டினார். கண்ணாடியில் என்னைப் பார்க்கவே பயந்தார்.

முதியவர் கதவைத் திறந்தார். என்னைக் கண்டு வாயைத் திறக்கப் போனவர், மச்சாளையும் சேலையையும் தட்டையும் கண்டு தொப்பியைக் கழற்றினார். மச்சாள் தலை குனிந்து, "போன்ஜூர் மிசியூ, உங்களோடு ஒரு கோப்பி குடிக்க வந்திருக்கிறோம்" என்றார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சம்பந்தம் பேசப் போனால் முதலில் அப்படித்தான் தொடங்குவார். முதியவர் ஒரு கணம் நின்றார். பிறகு கதவை முழுவதாகத் திறந்தார்.

கோப்பி வந்தது. பலகாரம் பிரிக்கப்பட்டது. முதியவர் கொக்கிஸைக் கையில் எடுத்துப் பூ மாதிரித் திருப்பிப் பார்த்து, கடித்து, இன்னொன்றை எடுத்தார். தன் ஊரிலும் மனைவி எண்ணெயில் பொரிக்கும் ஒரு பலகாரம் உண்டு என்றார். மச்சாள் அதன் செய்முறையைக் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை, உத்தரவு அப்படி. எல்லாம் இதமாகப் போய்க்கொண்டிருந்தபோது மச்சாள் கோப்பையைக் கீழே வைத்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, விஷயத்துக்கு வந்தார். நாங்கள் யாருக்காக வந்திருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும், அவனைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

பிரெஞ்சு மொழியில் ஒரு வசதி உண்டு. அதில் அஃறிணை இல்லை. மேசை அவள், சப்பாத்து அவன். செடியும் அவன் அல்லது அவள்தான். இருவரும் பிரெஞ்சில் கதைத்ததை இயன்றவரை தமிழில் தருகிறேன்.

"வயது என்ன?" என்றார் மச்சாள்.

"முப்பத்தைந்து இருக்கும். பார்த்தால் தெரியாது."

மச்சாள் மனதுக்குள் கணக்குப் பார்த்துத் தலையசைத்தார். "குடிப்பதுண்டா?"

"மிகக் குறைவு. கோடையில் ஒரு சொட்டும் தொடமாட்டான். குளிர்காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை, அதுவும் நான் ஊற்றிக் கொடுத்தால்தான்."

இந்தக் குளிருக்கு அது பரவாயில்லை என்று மச்சாள் என் பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தார். பிறகு உடல்நிலையை விசாரித்தார். போன மாதம் மஞ்சள் பிடித்திருந்தது, இப்போது சுகம் என்றார் முதியவர். அதை மஞ்சட்காமாலை என்று எடுத்து, செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி வரை மச்சாள் ஆலோசனை சொன்னார். முதியவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். வேலை என்ன என்ற கேள்விக்கு, ஒரு வேலையும் இல்லை, நாள் முழுக்க யன்னலோரத்தில் வெயில் காய்வதுதான் என்று பதில் வந்தபோது மச்சாளின் முகம் சுருங்கியது. இந்த இடத்தில் என் கணவர், வாகனத்தை ஒருக்கால் தள்ளி நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே ஓடிவிட்டார். யன்னலுக்கு வெளியே அவர் முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

"குணம் எப்படி?"

முதியவர் யோசித்தார். "குணம் நல்லது. ஆனால் பழகாதவர்கள் கிட்டப் போனால் குத்திவிடுவான்."

மச்சாள் எழுந்துவிட்டார். "நான் அவனை இப்போதே பார்க்க வேண்டும்" என்றார்.

முதியவர் மகிழ்ச்சியோடு வெயிலறைக் கதவைத் திறந்து, முதலில் மச்சாளைப் போகவிட்டார். உள்ளே பங்குனி வெயிலில் புதர் முழுவதும் பூத்து நின்றது. மச்சாள் அதைத் தாண்டி, பின்னால் இருந்த சாய்கதிரையைப் பார்த்தார். கதிரையில் ஒரு பூனை. மறுபக்கம் எட்டிப் பார்த்தார். முதியவர் இரண்டு கைகளையும் விரித்து, "இதோ!" என்றார் பெருமையோடு.

மச்சாள் செடியைப் பார்த்தார். முதியவரைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன், நல்ல கூரை.

இனி வாயைத் திறக்கலாம் என்று நினைத்து, நடந்ததை எல்லாம் முதியவருக்குப் பிரெஞ்சில் சொன்னேன். மகளைச் சொன்னேன், மண்டபத்தைச் சொன்னேன், செபிக்கிற பெண்களையும் சொன்னேன். அவர் முதலில் விளங்காமல் நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமி, பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பூனை இறங்கிப் போய்விட்டது. மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. செடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓர் இலையைத் தொட்டார், அது குத்தியது. விரலைப் பார்த்துக்கொண்டு தமிழில், "மாப்பிள்ளை வடிவுதான். தலைமயிர் மட்டும் வெட்டேல்லை" என்றார். அப்போதுதான் அவருக்கும் உதடு துடிப்பதைக் கண்டேன்.

ஆனால் அவர் தன் வேலையை மறக்கவில்லை. வந்த காரியத்தைப் பேசி முடிக்காமல் எழும்பிப் போன வழக்கம் அவருக்கு இல்லை. சாய்கதிரையில் அமர்ந்து, அந்தப் பெண்களுக்கு என்ன நோய், இந்த இனத்தில் இன்னும் எத்தனை மிச்சம், ஏன் அவசரம் என்று என்னிடம் கேட்டறிந்தார். பிறகு முதியவரை நேராகக் கேட்டார், ஏன் மறுக்கிறீர்கள் என்று. அவர் சிரிப்பை நிறுத்தி, உண்மையைச் சொன்னார். அந்தச் சத்தம் போட்ட பெண் இவனைக் கொண்டுபோய்விடுவாள் என்று பயம். மனைவி தன் கையால் தண்ணீர் ஊற்றிய செடி. இவன் போனால் இந்த அறையில் தான் காலையில் வந்து கதைக்க யாரும் இல்லை.

மச்சாள் சாய்கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். அவரும் தனியாக இருக்கிறவர்தான். பிறகு சொன்னார்: "அவனை ஒருவரும் கொண்டுபோகமாட்டார்கள். எந்தக் கலியாணத்திலும் மாப்பிள்ளை பெண்ணிடம் வராமல் தன் வீட்டிலேயே இருக்க நான் சம்மதித்ததில்லை. இதில் சம்மதிக்கிறேன். எங்களுக்கு அந்த மஞ்சள் தூள் மட்டும் போதும்."

முதியவர் இரண்டு நிபந்தனைகள் சொன்னார். மணப்பெண்களைத் தான் நேரில் பார்க்க வேண்டும். தான் வரும்போது சத்தம் போடுகிற பெண் தன் கையால் கோப்பி போட்டுத் தர வேண்டும். இரண்டுக்கும் பொறுப்பாளரைக் கேளாமலே நான் வாக்குக் கொடுத்தேன்.

பையிலிருந்து கண்ணாடித் தட்டை எடுத்தேன். மச்சாள் பட்டுச் சேலையோடு முழங்காலில் நின்று தட்டைக் கொப்புக்குக் கீழே பிடித்தார். முதியவர் கொப்பை வளைத்தார். நான் தூரிகைக் காம்பால் மெல்லத் தட்டினேன். தட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள் விழுந்தது. மூச்சுப் பட்டால் பறந்துவிடும் என்று நான் சொன்னதால் மச்சாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் மட்டும் இன்னும் இன்னும் என்றார்.

அங்கிருந்து நேராகக் கண்ணாடி வீட்டுக்குப் போனோம். மூடிய தட்டை மச்சாள் மடியில் வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் தம்பியை ஒவ்வொரு குழிக்கும் அதட்டினார். நான் முதலிலேயே அழைத்துச் சொல்லியிருந்ததால் பொறுப்பாளர் வாசலில் நின்றார். பட்டுச் சேலையைக் கண்டு ஒரு விளக்கமும் கேட்காமல் மச்சாளின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நோய்பிடித்த மூத்த செடியில் தொடங்கினோம். கடுகளவு பூ ஒவ்வொன்றுக்கும் தூரிகை நுனியால் ஒரு தொடுகை. ஒரு கொப்பை மச்சாளிடம் விட்டோம். தையல் கை, நடுங்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்குரிய ஏச்சு வந்தது.

"என்னைப் பேய்க்காட்டிப்போட்டீர்" என்றார்.

"செடி எண்டு ரெண்டு தரம் சொன்னனான், மச்சாள்."

"சொன்னனீர். சொன்ன விதம் சரியில்லை."

பங்குக் கோயிலில் அவர் இந்தக் கதையை எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த ஞாயிறு கேட்டவர்களுக்கெல்லாம், மாப்பிள்ளையைத் தான் நேரில் பார்த்ததாகவும், நல்ல குடும்பம்தான், ஆனால் முப்பத்தைந்து வயதிலும் யன்னலோரத்தை விட்டு அசையாத ஆள் என்பதால் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார். வேண்டாம் என்றதைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. மகளுக்கு ஆறுதல் சொல்லப் பலர் வந்தார்கள். அவள் துக்கத்தோடு தலையைக் குனிந்து நின்றது நல்ல நடிப்பு. ஈஸ்டர் முடிந்த கிழமையே மாமி புதிய வரன் ஒன்றோடு வந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

முதியவர் சித்திரையில் தோட்டத்துக்கு வந்தார். பொறுப்பாளர் கோப்பி போட்டுக் கொடுத்து, தான் முன்பு பேசிய விதத்துக்கு மன்னிப்பும் கேட்டார். கோப்பி தண்ணியாக இருக்கிறது என்று அவர் சொன்னதையும் பொறுத்துக்கொண்டார். மூன்று செடிகளையும் முதியவர் சுற்றிப் பார்த்தார். மூத்ததில் பச்சைக் காய்கள் மிளகுபோலத் திரண்டிருந்தன. அதன் அடித்தண்டைத் தடவி, தண்ணீர் கூடிப்போயிற்று என்றார். அது எங்களுக்கும் தெரிந்த பிழைதான், இருவரும் தலையாட்டினோம். கோடை முடிவில் காய்கள் கறுத்துப் பழுத்தன. நோய்ச் செடி அந்த மாரியைத் தாண்டவில்லை. ஆனால் அதன் விதைகளில் ஒரு பங்கு தீவின் விதைக் காப்பகத்துக்குப் போய்விட்டது. இன்னொரு பங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் ஈரமணலில் ஒரு மாரிக்காலம் வைத்திருந்து இங்கேயே முளைக்க வைத்தோம். கன்றுகளில் எது ஆண், எது பெண் என்று பூக்கும்வரை சொல்ல முடியாது என்று பொறுப்பாளர் விளக்கியபோது மச்சாளுக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தக் காலத்தில் அதற்கு ஸ்கான் ஏதும் இல்லையா என்று கேட்டார்.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை மச்சாள் தட்டோடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் போய்வருகிறார். கோப்பி குடிக்கத்தான் என்கிறார். என் மகள் அதைப் பற்றி ஏதோ சொல்லப்போய், மாமியின் ஒரு பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

போன இலையுதிர்காலத்தில் தீவிலிருந்து எங்களுக்கு ஒரு படம் வந்தது. அங்கே முளைத்த கன்றுகளைப் பாறையடியில் நட்டு, ஆடு கடிக்காமல் கம்பி வேலி அடித்திருந்தார்கள். கன்று ஒவ்வொன்றும் விரல் நீளம். நானும் மச்சாளும் அதைக் கொண்டுபோய் முதியவரிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். மாமனாரின் காணி அந்தப் பாறைக்கு மறுபக்கம்தான் என்றார். நான் அவருக்குக் கண் கலங்கப்போகிறது என்று கைலேஞ்சி தேடினேன். அவர் படத்தில் ஒரு மூலையை விரலால் தட்டினார்.

"இந்த வேலியை யார் கட்டினது? கீழே இடைவெளி விட்டிருக்கிறான். ஒரு நல்ல ஆடு அரை நாளில் உள்ளே போகும்."

பொறுப்பாளர் அதை அப்படியே தீவுக்காரருக்கு அறிவித்தார். அவர்கள் போய்ப் பார்த்து, கீழ்க்கம்பியை இறக்கி இறுக்கிக் கட்டினார்கள்.